காலியாக விட்ட இடது பக்கம்

ஜனவரி 10, திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. தெரியாததே நல்லது. போன தேர்தலுக்கு எழுதிய சின்னம் இன்னும் அதில் இருக்கிறது, அதுவும் கோணலாக.

தலைமை ஆசிரியர் ஒரு சுற்றறிக்கை தந்தார். பேருந்து நிலையம் போகும் வழியில் உழவர் மன்றத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களே, அதன் வெளிச்சுவர் முழுக்க ஓவியம் வேண்டுமாம். அமைச்சர் வந்து திறக்கிறார். மாவட்டத்து ஓவிய ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். "உங்களுக்குத்தான் சார் கிடைக்கும், வேற யாரு இருக்கா" என்றார். அவர் பேத்திக்கு மயில் வரைந்து கொடுத்ததற்கு இது நன்றி.

நிபந்தனை: முடித்த படம் கொண்டுவரக் கூடாது. ஸ்கெட்ச் புத்தகம் கொண்டுவர வேண்டும். எண்ணம் எப்படி வளர்ந்தது என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். இது யார் புத்தி என்று கேட்கவே வேண்டாம். மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் எங்கள் பிரின்சிபால். ஓய்வு பெற்றும் ஓயாதவர். தேர்வுக் குழுவில் அவர்தான் பெரிய தலை.

"முடிச்ச படம் பொய் சொல்லும்டா. ரஃப் புக்குக்குப் பொய் தெரியாது." அந்தக் காலத்தில் வாரம் ஒரு தடவை இதைக் கேட்டாக வேண்டும்.

என்னிடம் ரஃப் புக் இல்லை. வருடக்கணக்காக இல்லை. போட்டோவைக் கொடுப்பார்கள், கட்டம் போட்டுப் பெரிதாக்குவேன். தலைவர்கள், சாமிகள், கல்யாண மேடைத் திரை. அதற்கு எதற்கு ரஃப்? பெட்டியில் தேடினேன். கடைசியாக வைத்திருந்த புத்தகத்தைக் கரையான் தின்றிருக்கிறது. ரசனை உள்ள கரையான். உடற்கூறுப் பக்கங்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறது.

சுவர் வேண்டும். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஒரு சுவர் வேண்டும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஜனவரி 12, புதன்

புது ஸ்கெட்ச் புத்தகம், 4பி பென்சில் இரண்டு, இந்திய மை ஒரு புட்டி. கடைக்காரன், "பிள்ளைங்களுக்கா சார்?" ஆமாம் என்றேன்.

எண்ணங்கள்:
— இராசராசன், யானை மேல்.
— காவிரித் தாய், குடத்துடன்.
— ஏர் ஓட்டும் உழவன், பின்னால் உதயசூரியன். (அமைச்சர் மகிழ்வார்.)
— 

இரண்டாம் பக்கத்தில் காவிரித் தாய். சரோஜாவின் மூக்கு வந்துவிட்டது. கிழித்தேன். மறுபடி வரைந்தேன். இந்த முறை முகமே சரோஜா, இருபது வருடம் குடித்தனம் செய்த களைப்போடு. அதையும் கிழித்தேன். புத்தகம் இளைத்துக்கொண்டே வருகிறது.

பல் வலி.

ஜனவரி 15, சனி

பொங்கல். ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் சாப்பாடு. நிலம் அவர் பெயரில், என் பங்கு வருடத்துக்குச் சில மூட்டை நெல். அதையும் தானம் போடுவதுபோல் போடுவார்.

சம்பா கதிர் முற்றி நிற்கிறது. அறுக்க முடியவில்லை. ராசு வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறான். ராசுவின் அப்பா எங்கள் பண்ணையாள். ராசு குத்தகைக்காரன் என்று தாசில்தார் ஆபீசில் பதிவு செய்துகொண்டான். நான்தான் பயிர் வைத்தேன், நான்தான் அறுப்பேன் என்கிறான். பொங்கல் கழிந்ததும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் போவதாக அண்ணன். போலீஸ் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

"நீ படம் போட்டா காசு தருவாங்களா, இல்ல மாலை போடுவாங்களா?" என்று கேட்டார். வாயில் கரும்பு.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் நின்று இரண்டு கோடு. தூரத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கணக்கெடுக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் முகத்தை யார் கேட்டது? புத்தகத்தை மூடி வைத்தேன்.

இரண்டு கோடுகளும் வரப்பு மாதிரி இல்லை. ரூல்தடி வைத்துப் போட்டது மாதிரி இருந்தன.

ஜனவரி 18, செவ்வாய்

கலியமூர்த்தி வந்தான். இனி க.மூ. முழுப் பெயர் எழுதிக் கை வலிக்க வேண்டாம்.

ராசுவின் அண்ணன். மெட்ராஸில் என் வகுப்பு. சர்க்கார் உதவித்தொகையில் படித்தான், நான் எங்கள் நெல்லில் படித்தேன். இப்போது திருவாரூர்ப் பக்கம் ஓவிய ஆசிரியர். எனக்கு என்ன சம்பளமோ அதே. கடைசி வருடப் பரிசு அவனுக்கு, நான் இரண்டாவது. இரண்டாவது வந்தவனை யாரும் போட்டோவுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

மெட்ராஸில் என்னை 'நீ' என்பான். லீவுக்கு ரயிலில் ஊர் திரும்பும்போது கொள்ளிடம் பாலத்தில் பேச்சை நிறுத்துவான். மறுகரை வந்ததும் 'நீங்க' என்று தொடங்குவான். நாங்கள் இதைப்பற்றிப் பேசியதே இல்லை. பாலம் பார்த்துக்கொண்டது.

நாற்காலியில் உட்கார்ந்தான். காபியை எதில் கொடுப்பது என்று சரோஜா கண்ணால் கேட்டாள். எவர்சில்வர் என்று நானும் கண்ணால் சொன்னேன். அவன் இரண்டையும் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

அவனும் அதே சுவருக்குத்தான் விண்ணப்பிக்கிறான். கையில் தடித்த ஸ்கெட்ச் புத்தகம், ஓரமெல்லாம் கறுத்து, நீர்பட்டு உப்பி. அறுப்புத் தகராறில் தம்பி பக்கத்தில் நிற்க ஊருக்குப் போகிறானாம். இதைத் தூக்கிக்கொண்டு போனால் சேற்றில் போய்விடும். திரும்பி வரும்வரை என்னிடம் இருக்கட்டும், பார்த்தும் வைக்க வேண்டும் என்றான்.

கல்லூரியில் ஒரு வழக்கம். வலது பக்கம் மட்டும் வரைவோம், இடது பக்கத்தைக் காலியாக விடுவோம். சனிக்கிழமை புத்தகத்தை மாற்றிக்கொள்வோம். காலிப் பக்கத்தில் மற்றவன் பென்சிலால் திட்டலாம், திருத்திக் காட்டலாம். வலது பக்கத்தைத் தொடக் கூடாது.

"இடது பக்கம் காலியாத்தான் இருக்கு, எப்பவும் போல" என்றான். "இத்தனை வருஷமா விட்டுக்கிட்டேதான் வர்றேன். யாரும் எழுதறதில்ல. உங்க கண்ணு வேணும்."

நீங்க என்ன போடப்போறீங்க என்றான். இராசராசன் என்றேன். "ம்" என்றான்.

அந்த 'ம்'மை நான் மறக்கப்போவதில்லை.

ஜனவரி 19, புதன்

பனி குறைவு. பல் தேவலை.

பார்த்தேன்.

முதல் பக்கங்கள் குப்பை. எருமை, அரிவாள், கட்டுச் சுமக்கும் ஆட்கள், டீக்கடை மூஞ்சிகள். கண்ணில் பட்டதையெல்லாம் வாரிப் போட்டிருக்கிறான். பிறகு நாற்று நடும் ஒருத்தி. அடுத்த பக்கமும் அவளே. அடுத்ததும். பக்கம் போகப் போக அவளுக்கு முகம் இல்லை. பிறகு கை இல்லை. புடவை இல்லை. குனிந்த முதுகு மட்டும். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு வரப்பு. பிறகு வரப்பும் முதுகும் ஒரே வளைவு. பாதிப் புத்தகம் தாண்டியதும் எது வரப்பு, எது முதுகு என்று சொல்ல முடியவில்லை. கண்ணுக்கெட்டிய வரை குனிந்த முதுகுகளாக ஒரு ஜில்லா.

ஒரு எண்ணம் வளர்வது என்றால் இதுதானா? வேண்டாததைப் பக்கத்துக்குப் பக்கம் கழற்றிப் போட்டுக்கொண்டே போவது. எவனும் பார்க்காத இடத்தில் நூறு தடவை தோற்றுவிட்டு, நூற்றியோராவது தடவை தற்செயல் மாதிரி ஜெயிப்பது. நான் முதல் கோட்டிலேயே ஜெயிக்கப் பார்க்கிறேன். அதனால்தான் யானை.

பிரின்சிபால் அழுவார். லேசில் அழும் கிழவர்.

உடற்கூறு மட்டும் தப்பு. அன்றும் அவனுக்கு அது வராது. எலும்புக்கூட்டு வகுப்பில் நான்தான் முதல், அதற்குப் பரிசு கிடையாது. இவன் முதுகுகளுக்குத் தோளெலும்பே இல்லை. இந்தப் பெண் நிமிர்ந்தால் பனைமரம் உயரம் வருவாள்.

சரோஜா: "என்னங்க, அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க? சாப்பாடு ஆறுது." ஆறட்டும்.

ஜனவரி 20, வியாழன்

கடைசி மணி அடித்ததும் ஓவிய அறையைச் சாத்திக்கொண்டேன். இடது பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: 'தோளெலும்பு எங்கே?' நியாயமான கேள்வி. ஆனால் எழுத்து சிறியதாக இருந்தது, பயந்தவன் எழுத்து மாதிரி.

மைப் புட்டியைத் திறந்தேன். இரும்பு நிப்பு.

வலது பக்கத்தில், அவன் பென்சில் முதுகின் மேலேயே, அவள் நிமிர்ந்து நின்றால் எலும்பு எங்கே நிற்கும் என்று போட்டுக் காட்டினேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பு. தோள், விலா, இடுப்பெலும்பு, முழங்கால். வகுப்பில் மாணவனைத் திருத்துவது இப்படித்தான், யாரும் குறை சொல்ல முடியாது. பென்சிலை அழிக்கலாம். மை அழியாது. அதற்காகத்தான் மை.

இரண்டாவது முதுகு. மூன்றாவது. கை, தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் மாதிரி போனது. இப்படி ஒரு கோடு என் கையில் வந்து எத்தனை காலம்!

வாட்ச்மேன் கதவைத் தட்டினான். விடைத்தாள் திருத்துவதாகச் சொன்னேன்.

ஜனவரி 22, சனி

பள்ளி விடுமுறை. காலையிலேயே சாவி வாங்கிக்கொண்டு போனேன். வரப்பாக மாறிவிட்ட முதுகுகளைக்கூட விடவில்லை. வரப்புக்குள்ளிருந்து ஆள்களை எழுப்பி நிறுத்தினேன். அவன் வளைத்த அத்தனையையும் நேராக்கியாகிவிட்டது. மாவட்டமே அட்டென்ஷனில் நிற்கிறது. பிரின்சிபால் முன்னால் இதை விரிக்கும்போது அவன் முகம் போகும் போக்கை ஒரு தனிப் பக்கத்தில் வரையலாம்.

கடைசிக்கு முந்தைய பக்கத்தில் என் அப்பா.

வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், குடையோடு. கீழேயிருந்து பார்த்து வரைந்தது. பாதங்கள் இரண்டும் பக்கத்தில் பாதி. அதற்கு மேல் முழங்கால், அதற்கு மேல் குடை, நடுவில் எங்கோ சிறியதாக முகம். சேற்றில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையனுக்கு அவர் அப்படித்தான் தெரிந்திருப்பார். நான் ஒருநாளும் அவரை அங்கிருந்து பார்த்ததில்லை. நான் பார்த்தது மடியிலிருந்து.

பாதத்தைச் சரியான அளவுக்குச் சுருக்கினேன். நல்ல பாதம், ரத்த நாளம் உட்பட. முகத்தைப் பெரிதாக்கப் போனேன். மூக்கு நினைவில் இல்லை. உதடு இல்லை. அந்தப் பயல் நாலே கீறலில் வைத்திருக்கிறான், அவரேதான். பெற்ற மகன் நிப்பை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். முகத்தை விட்டுவிட்டேன். பாதத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மை.

வீட்டுக்கு வரும்போது சீட்டியடித்திருக்கிறேன் போலிருக்கிறது. சரோஜா வாசலில்: "என்னங்க, இவ்வளவு சந்தோஷம்? யாருக்குக் கெடுதி பண்ணிட்டு வர்றீங்க?"

இந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்தது தப்பு. கவனிக்கிறாள்.

ஜனவரி 24, திங்கள்

ஊரிலிருந்து செய்தி. நேற்று அண்ணன் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார். போலீஸ் வண்டி ரோட்டில் நிற்க, வயலில் அடிதடி. ராசுவுக்கு மண்டை உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். கதிர் பாதி அறுத்தும் பாதி மிதிபட்டும். என் பங்கு மூட்டைகள் இந்த வருடம் இன்னும் குறையும்.

சாயங்காலம் க.மூ. வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. சட்டையில் பழுப்புக் கறை. உட்காரவில்லை.

புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு, முடிச்சின்மேல் முடிச்சாகக் கட்டி வைத்திருந்தேன். வழியில் பனி படும், பிரிக்க வேண்டாம் என்றேன். அக்கறை.

"பாத்தீங்களா?"

பார்த்தேன், நிறையத் திருத்தியிருக்கிறேன் என்றேன்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். அப்படி வாங்குவது அவன் அப்பா பழக்கம். படி நெல்லை அப்படித்தான் வாங்குவார். ராசு எப்படியிருக்கிறான் என்று கேட்டேன். தையல் போட்டிருக்கிறார்களாம், பேசுகிறானாம். "உங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தான். பிறகு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதைபதைக்குமோ என்று எதிர்பார்த்தேன். இல்லை. ராத்திரி இட்லி, வெங்காயச் சட்னி. நன்றாகத் தூக்கம்.

ஜனவரி 27, வியாழன்

பயணியர் மாளிகை. நேர்முகம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் சுருங்கிப்போயிருக்கிறார், கோட்டு அப்படியே. கலெக்டர் ஆபீஸ்காரர் ஒருவர், கரை வேட்டி எம்.எல்.ஏ. ஒருவர். அடையாளம் தெரிகிறதா சார் என்றேன். "எந்த பேட்ச்?" என்றார்.

போன வாரம் ஒரே மூச்சில் என் புத்தகத்தை நிரப்பியிருந்தேன். யானை, இராசராசன், ஏர், சூரியன். சுவரில் வரவேண்டியதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் குழந்தைக் கிறுக்கல் வரைக்கும் தயாரித்தேன். ஓரிரு பக்கத்தில் டீயும் சிந்தினேன். கிழவர் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளினார். "இது ரஃப் இல்லப்பா. காலண்டரைப் பாத்துப் போட்டிருக்கே. ஒரு பக்கத்துலயாவது நீ முழிச்சியா? எல்லாப் பக்கத்துலயும் விடை தெரிஞ்சிருக்கே." எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் சூரியன் பிடித்தது.

வெளியே பெஞ்சு. அடுத்து க.மூ. உள்ளே போனான். கட்டைப் பிரித்திருக்கவில்லை, நான் கட்டிய முடிச்சு அப்படியே. ஜன்னல் திறந்திருந்தது. நகர்ந்து உட்கார்ந்தேன்.

பியூனிடம் பிளேடு கேட்டார்கள். கயிறு அறுந்தது. காகிதச் சத்தம். பிறகு நெடுநேரம் பக்கம் திரும்பும் சத்தம் மட்டும். என் கை வியர்த்தது, இன்பமாக.

"யாருடா இது, ரெண்டாவது கை?" பிரின்சிபால் குரல்.

மறுபடி கேட்டார்.

"கூடப் படிச்சவர் சார்."

"இப்படி ஒரு கோட்டைப் பாத்து ரொம்ப காலமாச்சுடா. தயக்கமே இல்ல. கொன்னுட்டான். எங்க இருக்கான் அவன்?"

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். மடியில் யானை. எழுந்து உள்ளே போய், அது நான்தான் சார் என்று சொல்லலாம். சொன்னால், அடுத்தவன் புத்தகத்தில் மையைக் கொட்டியவனும் நான்தான். பாதி எழுந்தேன். பெஞ்சு கிரீச்சிட்டது. உட்கார்ந்தேன்.

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திவிட்டான்.

வெளியே வந்தவன் படியில் நின்று செருப்பை மாட்டினான். நெடுநேரம் மாட்டினான். என்னைப் பார்க்காமலே போனான்.

ஜனவரி 29, சனி

சுவர் க.மூ.வுக்கு.

தலைமை ஆசிரியர்: "அடுத்த தடவை பாத்துக்கலாம் சார். பேத்தி ஒரு கிளி கேக்கறா." வரைந்து கொடுத்தேன். கிளிக்குக் கண் வைக்கவில்லை. கவனிக்கவில்லை அவர்.

பல் பிடுங்கியாகிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை.

பிப்ரவரி 2, புதன்

க.மூ. வந்தான். கூப்பிடாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான். புத்தகத்தை மேசைமேல் போட்டான்.

"அழிக்கத்தானே செஞ்சே?"

கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் என்னை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. தடுமாறவே இல்லை.

திருத்தினேன் என்றேன்.

"ஆமா. ஒவ்வொரு முதுகையும் நிமித்தி வச்சிருக்கே. உங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் செய்யாத வேலை."

காபியோடு வந்த சரோஜா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சிரித்தாளோ என்று சந்தேகம்.

பிறகு சாவகாசமாகச் சொன்னான். கட்டைப் பிரித்ததும் செத்துப்போகலாம் போலிருந்ததாம். யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தானாம். அதற்குள் கிழவர் புத்தகத்தைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டார். பென்சிலில் குனிந்திருக்கிறார்கள், அதே இடத்திலிருந்து மையில் எழுந்து நிற்கிறார்கள். படம் இதுதான் என்றாராம். "குனிஞ்ச முதுகையேதான் பாத்துக்கிட்டிருந்திருக்கேன். அது எந்திரிச்சா எப்படி இருக்கும்னு ஒரு பக்கம்கூடப் போட்டுப் பாக்கல. ரத்தத்தோட ஆஸ்பத்திரியில கிடந்த ராசுவைப் பாத்துட்டு வந்தும் தோணல. உனக்குத் தோணியிருக்கு, என்னைக் கெடுக்கறதுக்காக."

சுவரில் அவன் பங்கு வெள்ளிக்குள் முடிந்துவிடுமாம். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை காவியில் குனிந்த முதுகுகள். அவற்றின் மேல் கறுப்புக் கோடு வரவேண்டும். தாளில் மூன்று நாளாக முயன்று பார்த்தானாம்.

"என் கையில வரல. நான் போட்டா பாசமா வருது. அதுக்கு உன் வெறுப்பு வேணும்."

சனி ஞாயிறு வந்து போடச் சொன்னான். பெயர் போட முடியாது, குழு ஏற்ற பெயர் ஒன்றுதான். உதவி ஆள் என்று எழுதி நாள் கூலி வாங்கித் தரலாம்.

வெளியே போடா என்றேன்.

எழுந்தான். காபியைத் தொடவில்லை. "சனிக்கிழமை காலையில சாரம் அப்படியே நிக்கும்" என்றான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரி 4, வெள்ளி

என் புத்தகத்தில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒரே இழுப்பு. ரூல்தடி. மறுபடி. ரூல்தடி. முதுகு ஒன்றை நானே பென்சிலில் குனிய வைத்து அதன்மேல் போட்டேன். நான் குனிய வைத்த முதுகு குனியவில்லை, அதை எழுப்ப என்ன இருக்கிறது? நிப்பு வளைந்து போனது.

அவன் பென்சில் அடியில் இருந்தால்தான் வருகிறது. இதை எழுதவே அருவருப்பு.

சரோஜா: "போறதுன்னா போங்க. இங்க உக்காந்து மையைக் கொட்டாதீங்க. பாய் முழுக்கக் கறுப்பு."

அண்ணனுக்குத் தெரிந்தால்? தெரியட்டும். அவர் ஒருநாளும் என் படத்தைப் பார்த்ததில்லை, இதையும் பார்க்கமாட்டார். பார்த்தால் கரும்பைத் துப்பிவிட்டு, கூலி எவ்வளவு என்று கேட்பார்.

பிப்ரவரி 5, சனி

வெயில். பனி அறவே இல்லை.

போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். சவுக்குக் கழி, தென்னங்கயிறு. ஏறும்போது ரோட்டில் போன ரிக்‌ஷாக்காரன், "சார், சின்னம் எழுதறீங்களா?" என்றான்.

வாளியில் கறுப்புப் பெயின்ட், பட்டைத் தூரிகை. சுவர் இவ்வளவு பெரியதா! முதல் முதுகின் மேல் வைத்து இழுத்தேன். வந்தது. தோளிலிருந்து கிளம்பி இடுப்பு வரைக்கும் தூரிகை தானாக இறங்கியது. மூச்சு விடவில்லை. கீழேயிருந்து க.மூ.: "இன்னும் அழுத்தி." அழுத்தினேன். நன்றாகத்தான் இருந்தது. அவன் சொன்னதால் அல்ல.

இடக்கோடியில் அப்பாவைப் போட்டிருக்கிறான். அதே முக்காலி, குடை, அதே ராட்சசப் பாதங்கள். நான் சுருக்கியதைக் கண்டுகொள்ளவே இல்லை. தூரிகையோடு அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"அவருக்கு வேணாம்" என்றான். "அவர் முன்னாடியே நேராத்தான் உக்காந்திருக்கார்."

சாரத்துக் கூலியாள்கள் சிரித்தார்கள். நான் வலது பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருத்தி, அடுத்தவள், அடுத்தவள். வெயில் ஏறியது. முதுகு எரிந்தது. கீழே அவன் செங்கல் குவியலில் உட்கார்ந்து யாரிடமோ குடை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். இன்னும் கீழே, இன்னும் அழுத்தி, விடாதே என்று அவன் குரல்.

கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. சரியாக வருகிறதா என்று கேட்டேன். குனிந்து பார்த்தேன்.

மடியில் புதுப் புத்தகம். என்னை வரைந்துகொண்டிருக்கிறான், கீழேயிருந்து. என் பாதங்களில் ஆரம்பித்திருக்கிறான். இடது பக்கத்தைக் காலியாக விடவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து வைத்து வரைகிறான்.